கரிக்குருவியும் வல்லூறும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். திருமங்கலத்தில் சிறிய லேத் பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். போர் விமானங்களைப் பற்றி நீங்கள் எழுதுபவற்றைத் தொடர்ந்து படித்து வருகிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை, பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகனுடன் ‘தி ஃபைனல் கவுண்ட்டவுன்’ என்ற 1980ஆம் ஆண்டுப் படத்தைப் பார்த்தேன். அமெரிக்காவின் நிமிட்ஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் விசித்திரமான புயல் ஒன்றில் சிக்கி, பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு முந்தைய நாளான 1941 டிசம்பர் 6க்குப் போய்விடுகிறது. அந்தக் கப்பலின் எஃப்-14 ஜெட் விமானங்கள் இரண்டு, ஜப்பானிய ஜீரோ விமானங்கள் இரண்டைச் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் வீழ்த்துகின்றன.

படம் முடிந்ததும் எங்கள் வீட்டில் வாக்குவாதம் தொடங்கிவிட்டது. ஜெட்டுக்கு முன்னால் புரொப்பல்லர் விமானம் ஒரு நிமிடம் கூடத் தாங்காது என்கிறான் மகன். எடை குறைந்த விமானம் சட்டென்று திரும்பிவிடும், வேகமாக வரும் ஜெட்டால் அப்படித் திரும்ப முடியாது, ஆகவே சாமர்த்தியமான விமானி ஜீரோவை வைத்துக்கொண்டே ஜெட்டை வீழ்த்தியிருக்கலாம் என்பது என் கட்சி. எங்களில் யார் சொல்வது சரி? உண்மையான போரில் இப்படி நடந்திருக்கிறதா? இத்தகைய படங்களில் வரும் சண்டைக் காட்சிகளை எந்த அளவுக்கு நம்பலாம்? நேரம் கிடைக்கும்போது விளக்கினால் இருவரும் மகிழ்வோம்.

அன்புடன்,
திருமங்கலம் வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும், ரீகல் தியேட்டரில் ஆங்கிலப் படம் பார்த்துவிட்டு ரயில் நிலையத்துக்கு எதிரே நின்றபடி நண்பர்களோடு இதே வழக்கை மணிக்கணக்கில் பேசிய நாட்கள் நினைவுக்கு வந்தன. பகலில் படிப்பகமாகவும் மாலையில் திரையரங்காகவும் இருந்த அந்த விக்டோரியா எட்வர்டு மன்றத்தில்தான் நான் வான்சண்டைப் படங்களை முதன்முதலில் பார்த்தேன். அப்போது நான் உங்கள் கட்சியில் இருந்தேன். பின்னர் பல ஆண்டுகள் படித்த பிறகு, நீங்கள் சொல்வதும் உங்கள் மகன் சொல்வதும் ஒரே உண்மையின் இரு பாதிகள் என்று தெரிந்துகொண்டேன். சண்டை யாருடைய வேகத்தில் நடக்கிறது என்ற கேள்விக்கு விடை தெரிந்தால், யார் வெல்வார் என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இதை நம் ஊரிலிருந்தே தொடங்கலாம். திருவிளையாடற் புராணத்தில் கரிக்குருவிக்கு உபதேசம் செய்த படலம் என்று ஒன்று இருக்கிறது. காகம் முதலான பறவைகளிடம் கொத்துப்பட்டு வருந்திய ஒரு கரிக்குருவி மதுரைக்கு வந்து, பொற்றாமரையில் மூழ்கிச் சொக்கநாதரை வழிபட, இறைவன் அதற்கு மந்திரம் உபதேசித்து, பெரிய பறவைகளையும் வெல்லும் வலிமையைத் தந்தார் என்பது கதை. அதனால்தான் அதற்கு வலியன் என்றும் பெயர். வண்டியூர்க் கண்மாய்க் கரையில் காலை நேரத்தில் நின்றால் இந்தப் படலத்தைக் கண்ணாலேயே காணலாம். கூடு இருக்கும் மரத்தின் பக்கம் பருந்து தாழ்ந்து வந்துவிட்டால், கரிக்குருவி அதன் முதுகுக்கு மேலே ஏறி நின்று தலையில் கொத்தும். பருந்து இடப்புறம் திரும்பினால் அதற்கு முன்பே குருவி திரும்பியிருக்கும். பருந்து தன் ஒரு வட்டத்தை முடிப்பதற்குள் குருவி மூன்று வட்டம் போட்டுவிடும்.

இதன் கணக்கு எளிமையானது. உங்கள் மகனையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். திரும்பும்போது விமானியின் உடல் எத்தனை மடங்கு எடையாக அழுத்தப்படுகிறது என்பதை ‘ஜி’ என்ற அளவால் குறிப்பார்கள். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் உயரம் மாறாமல் 4 ஜி விசையோடு திரும்பினால், அதன் வட்டத்தின் ஆரம் ஏறக்குறைய 180 மீட்டர். முழு வட்டத்தை 14 நொடிகளில் முடித்துவிடும். அதே 4 ஜி விசையோடு 900 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும் ஜெட்டின் ஆரம் 1,600 மீட்டரைத் தாண்டும்; ஒரு வட்டத்துக்கு 40 நொடிகளுக்கு மேல் ஆகும். வேகம் மூன்று மடங்கானால் ஆரம் ஒன்பது மடங்காகிறது. ஒரு சிறு திருத்தத்தை நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஜீரோ சட்டென்று திரும்புவதற்கு அது எடை குறைந்திருப்பது மட்டும் காரணமில்லை. எடைக்கு ஏற்ற அகலமான இறக்கை இருப்பதால் அது மெதுவாகப் பறந்துகொண்டே விழாமல் திரும்ப முடிகிறது என்பதே முக்கியமான காரணம்.

ஆகவே, ஜெட் விமானி ஜீரோவின் பின்னால் ஒட்டிக்கொண்டு அது போடும் வட்டத்திலேயே சுற்ற முயன்றால் அவருக்கு இரண்டு வழிகள்தான் உண்டு. வேகத்தை விடாமல் வைத்திருந்தால் வட்டத்துக்கு வெளியே வீசப்படுவார். வேகத்தைக் குறைத்தால் தன் விமானத்துக்கு இருந்த ஒரே பெரிய அனுகூலத்தைக் கைவிட்டவராகி, கரிக்குருவிக்குக் கீழே பறக்கும் பருந்தின் நிலைக்கு வந்துவிடுவார். இதுவரை உங்கள் கட்சி வெல்கிறது.

ஆனால் வானத்தில் வல்லூறும் இருக்கிறது. வல்லூறு புறாவோடு வட்டமிட்டுச் சண்டை போடுவதில்லை. வெகு உயரத்திலிருந்து இறங்கி வந்து, ஓர் அடி அடித்துவிட்டு, அந்த வேகத்திலேயே மறுபடி மேலேறிவிடும். அடி தவறினாலும் புறாவால் அதைத் துரத்த முடியாது. இரண்டாம் முறை எப்போது வருவது என்பதையும் வல்லூறுதான் முடிவு செய்கிறது. இந்தப் பாடத்தை ஜெட் வருவதற்கு முன்பே ஒருவர் தம் விமானிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். 1941ஆம் ஆண்டின் இறுதியில் பர்மாவிலும் சீனாவிலும் போரிட்ட அமெரிக்கத் தன்னார்வ விமானப் படையின் தலைவரான கிளேர் செனால்ட், ஜப்பானிய விமானங்களோடு ஒருபோதும் சுழன்று சண்டையிடாதீர்கள், மேலிருந்து பாய்ந்து சுட்டுவிட்டு விலகிப் போங்கள் என்று வலியுறுத்தினார். அவர்களிடம் இருந்த பி-40 விமானம் ஜப்பானிய விமானங்களைப் போலத் திரும்பாது. ஆனால் அது உறுதியானது, பாய்ச்சலில் வேகமானது. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மீது குண்டுகள் விழுந்தபோது அந்த நகரத்தின் வானத்தில் இருந்தவற்றில் இந்தப் பி-40 விமானங்களும் உண்டு. அந்தக் குண்டுவீச்சுக்குப் பிறகு ரங்கூனை விட்டு நடந்தே ஊர் திரும்பிய குடும்பங்கள் மதுரையிலும் இராமநாதபுரத்திலும் செட்டிநாட்டிலும் எத்தனையோ உண்டு என்பதால், இது எனக்கு எங்கோ நடந்த போராகத் தோன்றியதில்லை.

எஃப்-14 இந்த வல்லூறின் வழியில் போரிட்டால் ஜீரோவுக்கு ஒரு வாய்ப்பும் கிடையாது. உங்கள் மகன் சொல்வதுதான் நடக்கும். 1941ஆம் ஆண்டின் ஜீரோவின் உச்ச வேகம் மணிக்கு 530 கிலோமீட்டரை ஒட்டியது. விமானிக்குப் பின்னால் கவசத் தகடு கிடையாது, குண்டு துளைத்தால் தானே அடைத்துக்கொள்ளும் எரிபொருள் தொட்டியும் கிடையாது. அதன் சுறுசுறுப்பு முழுவதும் இப்படி எதையெல்லாமோ விட்டுக்கொடுத்துப் பெற்றது. பாய்ச்சலில் வேகம் கூடக்கூட இறக்கையிலும் வாலிலும் அசைந்து விமானத்தைத் திருப்பும் பகுதிகள் இறுகிப்போய், விமானியின் கைக்கு அடங்காமல் போகும் என்பதும் அதன் அறியப்பட்ட குறை. ஒலியைப் போல இரு மடங்குக்கு மேல் வேகமாகப் பறக்கக்கூடிய விமானத்தின் விமானி, தன்னைச் சண்டைக்குள் இழுக்க ஜீரோவை அனுமதிக்கவே தேவையில்லை.

அப்படியானால் உண்மையில் புரொப்பல்லர் விமானங்கள் ஜெட்களை வீழ்த்தியதே இல்லையா என்றால், வீழ்த்தியிருக்கின்றன. அந்த நிகழ்ச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், ஜெட் தன் வேகத்தை இழந்த கணம் ஒன்று அநேகமாக எல்லாவற்றிலும் தென்படும்.

முதலில் வருவது ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 262. மணிக்கு 870 கிலோமீட்டர் வரை பறந்த அந்த ஜெட்டை அமெரிக்காவின் மஸ்டாங் என்ற புரொப்பல்லர் விமானத்தால் நேர்ப்பறப்பில் துரத்திப் பிடிக்க இயலாது. ஆனால் அதன் எஞ்சின்களின் த்ராட்டிலை, அதாவது வேகத்தைக் கூட்டும் பிடியை, மெல்ல மெல்லத்தான் தள்ள வேண்டும். அவசரப்பட்டால் எஞ்சின் அணைந்துபோகும், அல்லது எரிந்துபோகும். ஆகவே தரையிறங்க வேகத்தைக் குறைத்த ஜெட்டால் உடனே வேகமெடுத்துத் தப்ப முடியவில்லை. நேச நாட்டு விமானிகள் அந்த நேரத்துக்காகவே ஜெட் தளங்களின் மேலே காத்திருந்தார்கள். பின்னாளில் ஒலியின் வேகத்தைத் தாண்டிய சக் யேகர், 1944 நவம்பரில் ஒரு 262ஐ வீழ்த்தியது அது தரையிறங்க வந்த வேளையில்தான். இதற்கு ஜெர்மானியர்கள் கண்டுபிடித்த மாற்று வழிதான் எனக்கு மிகவும் பொருள் பொதிந்ததாகத் தோன்றுகிறது. உலகின் முதல் ஜெட் போர் விமானங்கள் ஏறும்போதும் இறங்கும்போதும் அவற்றைக் காப்பதற்காக ஃபோக்க-வுல்ஃப் 190 என்ற புரொப்பல்லர் விமானங்களைக் காவலுக்கு நிறுத்தினார்கள்.

அடுத்தது கொரியா. 1952 ஆகஸ்ட் 9 அன்று, பிரிட்டிஷ் கடற்படையின் ஓஷன் கப்பலிலிருந்து கிளம்பிய நான்கு சீ ஃபியூரி விமானங்களை மிக்-15 ஜெட்கள் எட்டு தாக்கின. மிக்-15 ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வேகம் கொண்டது. சீ ஃபியூரி, பிஸ்டன் எஞ்சின் விமானங்களில் மிக வேகமானவற்றில் ஒன்றாக இருந்தும், 740 கிலோமீட்டருக்குள் அடங்கியது. ஆனால் மிக் விமானிகள் மேலே ஏறிப் போவதற்குப் பதிலாக அவற்றின் உயரத்துக்கு இறங்கி வந்து, சுழலும் சண்டைக்குள் நுழைந்துவிட்டார்கள். சீ ஃபியூரிகள் தாக்க வந்தவர்களை நோக்கியே திரும்பி, நான்கு 20 மில்லிமீட்டர் பீரங்கிகளால் சுட்டன; ஒரு மிக் தரையில் விழுந்து வெடித்தது. அணித் தலைவரான பீட்டர் கார்மைக்கேலின் பெயரில் அந்த வெற்றி பதிவாயிற்று. உண்மையில் சுட்டது அணியின் இளைய விமானியான பிரையன் எல்லிஸ்தான் என்ற வாதம் பின்னர் எழுந்தது. அடுத்த மாதமே, செப்டம்பர் 10 அன்று, அமெரிக்க மரைன் படையின் ஜெஸ்ஸி ஃபோல்மர் தன் கோர்சேர் விமானத்தால் ஒரு மிக்-15ஐ வீழ்த்தினார். ஆனால் சற்று நேரத்துக்குள் இன்னொரு மிக் அவர் விமானத்தைச் சிதைத்தது. பாராசூட்டில் குதித்துக் கடலில் விழுந்தவர் மீட்கப்பட்டார். கோர்சேர் வென்றது என்று சொல்லும் கட்டுரைகள் பலவும் இந்த இரண்டாம் பாதியை எழுதுவதில்லை. அதைச் சேர்த்துப் படித்தால்தான் கணக்கு நேர்மையாக இருக்கும் என்று நினைக்கிறேன். வியட்நாமில் 1965 ஜூன் 20 அன்று இரண்டு ஸ்கைரெய்டர் விமானிகள் சேர்ந்து ஒரு மிக்-17ஐ வீழ்த்தியதும் இதே வகைதான்: ஸ்கைரெய்டர்கள் நிலத்தை ஒட்டித் தாழ்ந்து வளைந்து வளைந்து பறந்தன, மிக் அவற்றோடு வளைந்தது.

ஆனால் உங்கள் வாதத்துக்கு மிகப் பெரிய துணை, ஒரு குண்டு கூடச் சுடாமல் ஜெட்டை வீழ்த்திய போ-2. மரச் சட்டத்தில் துணி போர்த்திய இரட்டை இறக்கை விமானம் அது. உச்ச வேகம் மணிக்கு 150 கிலோமீட்டர், அதாவது நான்குவழிச் சாலையில் ஒரு நல்ல கார் எட்டிவிடும் வேகம். கொரியப் போரில் வட கொரியர்கள் இதை இரவில், மலை இடுக்குகளின் வழியாக, மிகத் தாழ்வாக ஓட்டிவந்து விமான தளங்களில் குண்டு போட்டார்கள். மரத்துக்கும் துணிக்கும் ரேடார் அலை சரியாகத் திரும்புவதில்லை. இதை வீழ்த்த அனுப்பப்பட்ட எஃப்-94 என்ற இரவுநேர ஜெட்களில் ஒன்று, இரையைக் குறிக்குள் வைத்திருப்பதற்காக வேகத்தைக் குறைத்துக் குறைத்து, இறக்கை தன்னைத் தாங்கும் வேகத்துக்கும் கீழே போய் விழுந்து நொறுங்கியது. கடைசியில் அமெரிக்கக் கடற்படை இரவுச் சண்டைக்கான கோர்சேர் புரொப்பல்லர் விமானங்களைக் கரைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அவற்றில் ஒன்றை ஓட்டிய கை போர்டெலான், 1953 ஜூன், ஜூலை மாதங்களில் இரவில் வந்த புரொப்பல்லர் விமானங்கள் ஐந்தை வீழ்த்தினார். ஜெட்களின் காலம் என்று சொல்லப்படும் அந்தப் போரில், பிஸ்டன் எஞ்சின் விமானத்திலேயே ஐந்து வெற்றிகளை எட்டியவர் அவர் ஒருவர்தான்.

இதே வகையில், ஈழப்போரின் கடைசி ஆண்டுகளில் இரவில் தாழ்வாகப் பறந்து வந்த சிறிய ஸ்லின் விமானங்கள் நம் வாசகர்கள் பலருக்கு நினைவு வரலாம். 2007 மார்ச்சில் கட்டுநாயக்கத் தளம் தாக்கப்பட்டபோது, ஜெட்களை வைத்திருந்த ஒரு விமானப் படை சிறு பிஸ்டன் எஞ்சின் விமானத்தைத் தேடிப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பது தெரிந்தது. சிறு எஞ்சினின் புகைபோக்கியில் வெப்பம் குறைவு. வெப்பத்தைத் தேடிப் பாயும் ஏவுகணைக்கு அது நல்ல இலக்கில்லை.

இனி உங்கள் மூன்றாம் கேள்விக்கு, படங்களை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு வருகிறேன். கேமரா எப்போதும் மெதுவான விமானத்தின் பக்கமே நிற்கிறது என்பது என் நெடுநாள் எண்ணம். 1930இல் வெளிவந்த ‘ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்’ படத்தை எடுத்த ஹாவர்ட் ஹியூஸ், வெறும் நீல வானத்தில் விமானங்கள் நகராமல் தொங்குவதுபோலத் தெரிகின்றன என்று கண்டு, பின்னணியில் மேகம் வருவதற்காகவே காத்துக் கிடந்தார். வேகம் என்பது பக்கத்தில் நிற்கும் ஒன்றை ஒப்பிட்டால்தான் கண்ணுக்குத் தெரியும். ஜெட்டையும் புரொப்பல்லர் விமானத்தையும் ஒரே திரைச் சட்டத்தில் காட்ட வேண்டுமென்றால், ஜெட்டைத்தான் மெதுவாக்க வேண்டும், வேறு வழியில்லை.

நீங்கள் பார்த்த படத்தில் ஜீரோவாக நடித்தவை உண்மையான ஜீரோக்களே அல்ல. நம் விமானப் படையும் ஹார்வர்ட் என்ற பெயரில் நெடுங்காலம் வைத்திருந்த டெக்ஸன் பயிற்சி விமானங்களை உருமாற்றிச் செய்தவை. அந்தப் பயிற்சி விமானம் சாதாரணமாகப் பறக்கும் வேகம் மணிக்கு 230 கிலோமீட்டர் அளவில் இருக்கும். எஃப்-14 விமானம் கப்பலில் இறங்க வரும் வேகமும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆக, அவை இரண்டும் ஒரே சட்டத்தில் அருகருகே நிற்கும் கணங்களில், அந்த மாபெரும் ஜெட் கிட்டத்தட்டத் தரையிறங்கும் வேகத்தில் தள்ளாடாமல் நின்று காட்டுகிறது. அதை ஓட்டிய ‘ஜாலி ரோஜர்ஸ்’ அணியின் கடற்படை விமானிகளின் திறமையை எண்ணி வியக்கிறேன். ஆனால் போரில் ஒரு விமானி அப்படிப் பறந்தால் அவர் செய்வது யேகர் பயன்படுத்திக்கொண்ட அந்தத் தவறைத்தான். நமக்கு அழகாகத் தெரியும் காட்சி, கொரியாவில் எஃப்-94 விழுந்த அதே நிலை.

உண்மையான தாக்குதலைப் படமாக்கினால் காட்சி எவ்வளவு சிறியதாகிவிடும் என்று பாருங்கள். 900 கிலோமீட்டரில் வரும் ஜெட், 300 கிலோமீட்டரில் போகும் விமானத்தைப் பின்னாலிருந்து நெருங்கினால், நொடிக்கு 165 மீட்டருக்கு மேல் இடைவெளி குறைகிறது. 600 மீட்டரில் சுடத் தொடங்கி, மோதாமலிருக்க 200 மீட்டரில் விலகினால், விமானிக்குக் கிடைப்பது இரண்டரை நொடி. எஃப்-14இன் பீரங்கி நிமிடத்துக்கு 6,000 குண்டுகள் வீதம் சுடும். ஏறத்தாழ ஏழு நொடிகளில் மொத்தமும் தீர்ந்துவிடும். ஏவுகணை என்றால் இரண்டு விமானங்களும் ஒரே சட்டத்தில் வரவே வராது. பாப்கார்னைக் கையில் எடுப்பதற்குள் முடிந்துவிடும் ஒன்றை எந்த இயக்குநர் படமாக்குவார்? அதனால்தான் அவர்கள் வல்லூறை விட்டுவிட்டுப் பருந்தையும் கரிக்குருவியையும் படமாக்குகிறார்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

ஆனால் ஒன்றை உங்கள் மகனிடம் சொல்லியாக வேண்டும். ஜெட் தன் வழியில் போரிடும்போது அங்கே சண்டை என்று எதுவும் இருப்பதில்லை. 1971 டிசம்பர் 10 அன்று நம் கடற்படையின் அலிஸே என்ற மெதுவான டர்போபிராப் விமானத்தை, அதாவது டர்பைன் எஞ்சினால் புரொப்பல்லரைச் சுழற்றும் விமானத்தை, பாகிஸ்தானின் எஃப்-104 ஜெட் அரபிக்கடலின் மேல் வீழ்த்தியது. லெப்டினன்ட் கமாண்டர் அசோக் ராய் உட்பட அதில் இருந்த மூவரும் திரும்பவில்லை. நீர்மூழ்கிகளைத் தேடுவதற்கென்றே செய்யப்பட்ட விமானம் அது. ஒலியின் இரு மடங்கு வேகத்தில் பறக்கும் ஒன்றிடமிருந்து தப்ப அதனிடம் ஒன்றுமில்லை. 1999 ஆகஸ்ட் 10 அன்று, கட்ச் பகுதியில், நம் மிக்-21 ஒன்று பாகிஸ்தான் கடற்படையின் அட்லாண்டிக் என்ற பெரிய டர்போபிராப் விமானத்தை ஒரே ஏவுகணையால் வீழ்த்தியபோது அதிலிருந்த பதினாறு பேரும் இறந்தார்கள். எந்தக் கொடி என்பதை ஒதுக்கிவைத்துவிட்டு அந்த இரண்டு விமானங்களுக்குள்ளும் இருந்தவர்களை நினைக்கும்போது, படங்களில் வரும் நீண்ட விளையாட்டான துரத்தல் எனக்கு வேறு விதமாகத் தெரிகிறது. நீங்கள் பார்த்த படத்தில் இதற்கு ஓர் இடம் இருக்கிறது: வீழ்த்தப்பட்ட ஜீரோக்களில் ஒன்றின் விமானி உயிரோடு கப்பலுக்குக் கொண்டுவரப்படுகிறார். எதனால் வீழ்த்தப்பட்டோம் என்றே அறியாத அவருடைய அந்த முகத்தை, சண்டைக் காட்சியைவிடக் கூடுதலாகக் கவனித்துப் பாருங்கள்.

இன்னொரு முறை இருவரும் அந்தப் படத்தைப் போட்டால், எஃப்-14இன் இறக்கைகளின் மேல் ஒரு கண் வைத்திருங்கள். அதன் இறக்கை, வேகத்துக்கு ஏற்பக் கணினியின் கட்டுப்பாட்டில் தானாகவே நகரும். மெதுவாகப் பறக்கையில் பின்சாய்வு 20 பாகையாகக் குறையும்படி முன்னால் விரியும், அதிவேகத்தில் 68 பாகை வரை பின்னால் மடங்கும். ஜீரோவின் பக்கத்தில் வரும்போதெல்லாம் அவை அகல விரிந்திருப்பதைக் காண்பீர்கள். அந்த நொடிகளில் நீங்கள் சொல்வது சரி. இறக்கை மடங்கும் நொடியிலிருந்து உங்கள் மகன் சொல்வது சரி.

அன்புடன்,
மதுரையிலிருந்து